அம்மாவுக்குக் கேட்கும் குரல்

கேள்வி: அப்பா இறந்த பிறகு அம்மா ஒரு குருவின் சத்சங்கத்துக்குப் போகத் தொடங்கினார். நிம்மதியாக இருக்கிறாரே என்று நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது குரு இரவில் தன்னோடு பேசுவதாகச் சொல்கிறார். அவர் உத்தரவு என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார், நகைகளையும் கொடுத்துவிட்டார். முன்பு கிண்டல் செய்த தம்பி வேலையை விட்டுவிட்டு, அந்தக் குரல் தனக்கும் கேட்கிறது என்கிறான். நான் எதிர்த்துப் பேசியதால் 'உனக்குள் தீய சக்தி இருக்கிறது' என்று ஒதுக்கிவிட்டார்கள். இது பக்தியா, நோயா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் மாத்திரை, மற்றதெல்லாம் அப்புறம். அம்மா வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இன்றே நீங்கள் போய் நடந்ததைச் சொல்லுங்கள். இன்சுலினும் போட்டுக்கொண்டிருந்தவர் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, உயிருக்கே ஆபத்து. அம்மாவிடம் குருவைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேச வேண்டாம், 'பூஜையும் நடக்கட்டும், மாத்திரையும் போட்டுக்கோம்மா' என்று கேட்டுப் பாருங்கள்.

துணையை இழந்தவர்களுக்குப் போனவரின் குரல் கேட்பது பரவலாக நடக்கிற விஷயம், அது மட்டுமே நோயாகிவிடாது. ஆனால் இங்கே குரல் உத்தரவு போடுகிறது, மருந்தை நிறுத்தச் சொல்கிறது, அதை மறுக்க அம்மாவால் முடியவில்லை. மனநல மருத்துவர்கள் கவனிப்பது இதைத்தான். கடவுள் உண்டா இல்லையா என்பது அவர்கள் கேள்வியே அல்ல. அதே சத்சங்கத்துக்கு வருகிற மற்றவர்களுக்கும் இந்தப் பேச்சு விசித்திரமாகப் படுகிறதா என்றும் கேட்பார்கள். அப்படி நினைக்கிற நிதானமான பெரியவர் ஒருவர் அங்கே இருந்தால் அவரைப் பிடியுங்கள், நீங்கள் நூறு முறை சொல்வதைவிட அவர் ஒரு முறை சொன்னால் அம்மா காதில் விழும்.

தம்பியைப் பற்றி எழுதியதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒருவருடைய பிரமை, வெளித்தொடர்பில்லாமல் அவரோடு நெருங்கி வாழும் இன்னொருவருக்கும் வந்துவிடும் நிலையை லாசேக், ஃபால்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் 1877-லேயே விவரித்திருக்கிறார்கள். முதலாமவரிடமிருந்து கொஞ்ச காலம் விலகி இருந்தாலே இரண்டாமவர் தெளிவது உண்டு. உங்கள் வீட்டில் அதுதான் நடக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஏதாவது காரணம் சொல்லித் தம்பியைச் சில வாரம் உறவினர் வீட்டில் தங்கவைக்க முடியுமா பாருங்கள், பழைய நண்பர்களை அவனிடம் பேசச் சொல்லுங்கள்.

'தீய சக்தி' என்று சொன்னது உங்களை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று புரிகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961-ல் எழுதிய நூலில், ஆட்களை முழுசாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் குழுக்களின் எட்டு அடையாளங்களைச் சொன்னார். வெளியே இருப்பவனை மனிதனாகவே மதிக்காமல் ஒதுக்குவது அதில் ஒன்று. அதனால் அந்தச் சொல்லை அம்மாவின் மனசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே கற்றுக்கொடுத்த பேச்சாகவும் இருக்கலாம். பதிலுக்கு நீங்கள் குருவைத் திட்டினால், அவர் சொன்னது சரிதான் என்று அவர்களுக்கு ஆகிவிடும். தினமும் போன் செய்யுங்கள், எடுக்காவிட்டாலும் செய்யுங்கள், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று மட்டும் கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தில் உங்களுக்கும் பங்கு இருந்தால் உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள். உயிரை விடுவது, உண்ணாமல் கிடப்பது என்று பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், யார் கோபித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

கேள்வி: என் மகனும் இப்படிப்பட்ட ஒரு குழுவில் சேர்ந்துவிட்டான். சேர்ந்தவர்கள் திரும்பி வருவார்களா?
- ஒரு தந்தை

பதில்: நிறையப் பேர் வருகிறார்கள். கொரியாவில் தோன்றிய யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத இயக்கத்தை ஆராய்ந்து ஐலீன் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1984-ல் ஒரு நூல் எழுதினார். அந்த இயக்கத்தின் அறிமுக முகாமுக்குப் போனவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அதில் சேரவே இல்லை, சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் தாங்களாகவே விலகினார்கள். உங்கள் மகன் வரும்போது 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.