சனிக்கிழமை இரவுப் பாரம்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, ஆறு ஆண்டுகளாக எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போதகர் ஐயா கேட்டபோது மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டதுதான். இப்போது அலுவலகம், வீடு, இரண்டு குழந்தைகள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத்தான் மறுநாள் பாடத்தைத் திறக்கிறேன். திறக்கும்போதே எரிச்சல் வருகிறது. போன மாதம், எப்போதும் திக்கிப் பேசுகிற ஒரு பையன் முதன்முறையாக வகுப்பில் வாய்விட்டு ஜெபித்தான். அன்று மட்டும் வீட்டுக்கு மகிழ்ச்சியாகப் போனேன். மனமில்லாமல் செய்கிற ஊழியத்தைக் கர்த்தர் ஏற்பாரா? விட்டுவிடுவதுதான் நேர்மையா?
– ஓர் ஆசிரியை

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மனமே இல்லாத ஒருவர் அந்தப் பையனின் ஜெபத்தைக் கவனித்திருக்க மாட்டார். கவனித்திருந்தாலும் ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதியிருக்க மாட்டார். உங்களிடம் மனம் இருக்கிறது. அதற்கு நீங்கள் கொடுத்திருக்கும் நேரம்தான் சரியில்லை. நாளெல்லாம் உழைத்த ஒருவர் இரவு பத்து மணிக்கு எதைத் திறந்தாலும் எரிச்சல்தான் வரும்.

நானும் பல ஆண்டுகள் அதே வயதுப் பிள்ளைகளுக்குத்தான் வகுப்பு எடுத்தேன். என் பழக்கத்தைச் சொல்கிறேன், பொருந்துகிறதா பாருங்கள். ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து வீடு திரும்பியதும், உடை மாற்றுவதற்கு முன்பே, அடுத்த வாரத்துக்கான வேதபகுதியை ஒருமுறை வாசித்துவிடுவேன். குறிப்பு எடுக்க மாட்டேன், விளக்கவுரையைத் தொட மாட்டேன். வெறும் வாசிப்பு, பத்து நிமிடம். பிறகு அது வாரம் முழுவதும் என்னோடு கூடவே இருக்கும். யோனாவின் புத்தகம் பாடமாக வந்த வாரம் நன்றாக நினைவிருக்கிறது. நான்கே அதிகாரம். வியாழக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: இந்தப் புத்தகம் கர்த்தர் கேட்கிற ஒரு கேள்வியோடு முடிகிறது, யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவே இல்லை. அந்த ஞாயிறு பிள்ளைகளிடம் அந்தப் பதிலைத்தான் கேட்டேன். ஒரு சிறுமி, "யோனா பதில் சொல்லாமல் அழுதிருப்பான்" என்றாள். சனிக்கிழமை இரவில் அவசரமாகத் தயாரித்திருந்தால் அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்திருக்காது, அந்தப் பதிலும் கிடைத்திருக்காது. சனிக்கிழமைக்கு நான் மிச்சம் வைப்பது பையில் தாளும் பென்சிலும் எடுத்து வைக்கும் வேலையை மட்டும்தான்.

மனம் முதலில் வர வேண்டும், அதன் பிறகுதான் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன இரண்டு குமாரர்களைப் பாருங்கள். ஒருவன் திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்றான், பிறகு மனம் மாறிப் போனான். மற்றவன் "போகிறேன் ஐயா" என்றான், போகவில்லை. தகப்பனுடைய சித்தத்தைச் செய்தவன் முதலாமவனே. ஆரம்பத்தில் அவனுக்கும் விருப்பமில்லை. ஆகவே மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டதை நினைத்து ஆறு ஆண்டுகளாக உங்களைக் குற்றப்படுத்திக்கொண்டிருந்தால், அதை இன்றோடு இறக்கி வையுங்கள்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. ஒரு காலத்தில் ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு, நூலகம் ஆகியவற்றோடு, வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களைச் சந்திக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தேன். ஐந்தையும் உற்சாகமாகத்தான் ஏற்றேன். அப்போது என் மனத்தில் ஒரு குறையும் இல்லை. சந்திக்க வேண்டியவர்களில் ஒரு மூதாட்டி. "வரும் ஞாயிறு மதியம் வருகிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஞாயிறு பாடல் பயிற்சி. அடுத்த ஞாயிறு வேறு ஏதோ கூட்டம். மூன்றாம் ஞாயிறு மறந்தே போனேன். நான்காம் வாரம் போனபோது அவருடைய மகள் சொன்னார்: மூன்று ஞாயிறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா நாற்காலியை வாசலுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். அந்த மூதாட்டி என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "உனக்கு எத்தனை வேலையோ" என்றார். அந்த நாற்காலி அப்போதும் வாசலில்தான் இருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்த வாரமே மூன்று பொறுப்புகளை முறைப்படி ஒப்படைத்தேன். உற்சாகம் எனக்கு நிறையவே இருந்தது, தங்கையே. வாரத்தில் அதற்கு இடம்தான் இல்லை. ஒரு வேலையை மனமார ஏற்கிறேன் என்றால் என் வாரத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன் என்று பொருள். இடம் ஒதுக்காமல் சொல்லும் "சரி" யாரையோ வாசலில் காக்க வைக்கும்.

மூன்று மாதம் நேரத்தை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் பாரமாகவே இருந்தால் போதகரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். ஆனால் ஒரு ஞாயிறு திடீரென்று வராமல் நின்றுவிடாதீர்கள். புதிய ஆசிரியரோடு நான்கு வாரம் கூடவே இருந்து, எந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கடினம், யாருடைய வீட்டில் என்ன சங்கடம், அந்தத் திக்கிப் பேசும் பையனுக்கு எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஆராதனையில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்கிறேன். எல்லாம் சரியாக நடந்தால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் இரைச்சல் வந்தால் சபை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. இதை ஊழியம் என்று சொல்வதா என்றே சந்தேகமாக இருக்கிறது.
– ஓர் இளைஞர்

பதில்: தம்பி, எண்ணாகமம் 4ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். இஸ்ரவேலர் வனாந்தரப் பயணத்தில் கூடவே கொண்டுபோன ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரம் பயணப்படும்போது, அதன் வேலைக்கென்று நியமிக்கப்பட்ட லேவியரில் யார் எதைச் சுமப்பது என்று அங்கே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கோகாத்தின் குடும்பத்தாருக்கு உடன்படிக்கைப் பெட்டி, குத்துவிளக்கு, பீடங்கள். மெராரியின் குடும்பத்தாருக்குப் பலகைகளும் தூண்களும் அவற்றின் பாதங்களும் முளைகளும் கயிறுகளும். கூடாரம் நின்ற பிறகு முளையையும் கயிற்றையும் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பேர்பேராக எண்ணி ஒப்புவிக்கச் சொன்னது மெராரியர் சுமக்க வேண்டியவற்றைத்தான். அந்த வரியை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது.

கடைசி வரிசையில் காது மந்தமான ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பிரசங்கம் அவருக்குக் கேட்டதா என்று ஆராதனை முடிந்ததும் போய்க் கேளுங்கள். உங்கள் வேலை யாருக்காக என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள், மைக்கின் பேட்டரியை ஆராதனைக்கு முன்பே மாற்றுங்கள், பிரசங்கிப்பவரை ஒரு நிமிடம் பேசச் சொல்லி ஒலி அளவைச் சரிபாருங்கள், பின்வரிசைக்கு நடந்து போய் நீங்களே கேட்டுப் பாருங்கள். இரைச்சல் பெரும்பாலும் மைக்கும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று நோக்கியிருப்பதால் வருகிறது. அதை ஆட்கள் வருவதற்கு முன்பே சரிசெய்யலாம். பாராட்டு வராததைப் பற்றி: வர வேண்டும். சபையார் செய்யத் தவறுகிற கடமை அது. உங்கள் போதகர் இந்தப் பக்கத்தைப் படித்தால், அடுத்த ஞாயிறு நீங்கள் நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகில் வந்து உங்களைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி சொல்லட்டும்.

கேள்வி: வரவேற்புக் குழுவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். பன்னிரண்டு பேர். நான்கு பேர்தான் நேரத்துக்கு வருகிறார்கள். சம்பளம் இல்லாத வேலை என்பதால் கண்டிக்கக் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் நானே செய்துவிடுகிறேன்.

பதில்: சகோதரரே, கூச்சப்படாதீர்கள். கொலோசெயர் நிருபத்தின் முடிவில் பவுல் அர்க்கிப்பு என்பவருக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்புகிறார்: பெற்றுக்கொண்ட ஊழியத்தை நிறைவேற்றக் கவனமாயிரு என்று. சபையில் வாசிக்கப்படப்போகும் கடிதத்தில், பெயரைச் சொல்லியே. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். தனியாக அழைத்துக் கேளுங்கள். "ஏன் வரவில்லை" என்று தொடங்காமல் "என்ன சிரமம்" என்று தொடங்குங்கள். ஒருவர் இரவு வேலை முடிந்து வருகிறவராக இருக்கலாம், இன்னொருவர் வீட்டில் படுக்கையில் ஒரு நோயாளி இருக்கலாம். சிலர் வெறும் அசட்டையாகவும் இருக்கலாம். அவர்களிடம் மட்டும் அன்பாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: முதன்முறையாகச் சபைக்கு வருகிற ஒருவர் வாசலில் திகைத்து நிற்கும்போது அங்கே யாரும் இல்லாவிட்டால், அவர் மறுபடியும் வராமலே போகலாம்.

இன்னொன்றையும் உங்களிடம் கேட்கிறேன். அவர்களுக்கு வேலை சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? "வரவேற்புக் குழுவில் இருங்கள்" என்பது பொறுப்பு ஆகாது. "மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, இடது வாசல், ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னதாக, உங்களுக்குத் துணை இவர், வர முடியாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், இந்தப் பொறுப்பு ஓர் ஆண்டுக்கு" என்பதுதான் பொறுப்பு. எல்லை தெரியாத வேலைக்கு யாரும் முழு மனதைக் கொடுப்பதில்லை. எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தில், கனமான பலகைகளைச் சுமக்கும் மெராரியருக்கு மோசே நான்கு வண்டிகளும் எட்டு மாடுகளும் கொடுத்தார். திரைகளைச் சுமக்கும் கெர்சோனியருக்கு இரண்டு வண்டிகளும் நான்கு மாடுகளும். வேலைக்குத் தக்கபடி வண்டி. உங்கள் குழுவுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் வண்டி எது என்று யோசியுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே செய்வதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து நியாயம் தீர்த்ததைப் பார்த்த மாமனார் எத்திரோ, அவரும் களைத்துப்போவார், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்றுதான் எச்சரித்தார். நீங்கள் எட்டுப் பேரின் வேலையையும் செய்யச் செய்ய, தாங்கள் தேவைப்படவில்லை என்றே அந்த எட்டுப் பேரும் எண்ணிக்கொள்வார்கள்.

கேள்வி: சம்பளமில்லாத சபை வேலைக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா?

பதில்: வேண்டும். பணம் வாங்கியிருந்தால் சரியாகச் செய்யாததற்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: எனக்கு வயது 68. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காணிக்கை எண்ணும் பொறுப்பும் அலுவலகச் சாவியும் என்னிடம் இருக்கின்றன. ஒரு தடவைகூடக் கணக்கு தப்பியதில்லை. இப்போது ஓர் இளைஞருக்குக் கற்றுக்கொடுத்து அவரிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். என்மேல் நம்பிக்கை போய்விட்டதா?

பதில்: ஐயா, வணக்கம். மழை, காய்ச்சல் என்று பாராமல் இருபத்திரண்டு ஆண்டு ஞாயிறுகள். உங்களிடம் பேசும் தகுதி எனக்கு உண்டா என்றே தயங்கினேன். உங்கள் கேள்விக்குப் பதில், இல்லை. நம்பிக்கை போயிருந்தால் இளைஞருக்குக் கற்றுக்கொடுக்கும்படி உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள், சாவியை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

லேவியர் 50 வயதானபோது கூடாரத்தின் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்கள். ஆனால் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. தங்கள் சகோதரரோடுகூட இருந்து காவல் காக்க வேண்டும் என்று எண்ணாகமம் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. சுமப்பது நின்றது, கூட இருப்பது நிற்கவில்லை.

வருத்தம் இருக்கத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம். நூலகச் சாவியை நான் கொடுத்த அன்று கைப்பை இலேசாக இருந்ததை வழியெல்லாம் உணர்ந்தேன். ஆனால் உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை நிறைய உண்டு. உறவினர் அல்லாத இருவர் சேர்ந்துதான் எண்ண வேண்டும் என்பதை ஏன் ஒருநாளும் தளர்த்தவில்லை, எண்ணி முடித்ததும் இருவரும் அங்கேயே கையெழுத்திடுவது யாரைக் காப்பாற்றுவதற்காக, தொகை ஒத்துப்போகாத நாளில் பதறாமல் எங்கிருந்து திரும்ப எண்ணத் தொடங்குவது. இவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வரும் ஞாயிறு அந்தத் தம்பியை உங்கள் வலப்பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் அவர் எண்ணட்டும், நீங்கள் சரிபாருங்கள். அலுவலகத்தைப் பூட்டும்போது சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்து, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அவரே கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.