புதிய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பழைய பவர் சப்ளை போதுமா?

கேள்வி: ஐ5-12400 செயலி, 450 வாட் பவர் சப்ளை. ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 200 வாட்தானே எடுக்கிறது, பிறகு ஏன் என்விடியா 650 வாட் கேட்கிறது?

பதில்: கார்டு 200, செயலி அதிகபட்சம் 117, மதர்போர்டு, விசிறி, டிஸ்க் எல்லாம் சேர்த்து ஒரு 50. கூட்டினால் 370க்குள் அடங்குகிறது. ஆனால் 200 என்பது சராசரி. கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவான பொழுதில் கார்டின் இழுவை அதைத் தாண்டி எகிறி இறங்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்த எகிறலைத் தாங்கும் திறனையும் பவர் சப்ளையிடம் எதிர்பார்க்கிறது. 650 என்ற பரிந்துரை, பெரிய செயலிக்கும் சுமாரான பவர் சப்ளைக்கும் இடம் விட்டுச் சொன்னது. உங்களுக்குத் தரமான 550 போதும். 450இல் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: எனக்கும் அதே செயலிதான். பழைய 500 வாட் பவர் சப்ளையில் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ ஓடுமா?

பதில்: 500 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் +12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். செயலிக்கும் கார்டுக்கும் தேவையான மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. அதில் 28 ஆம்பியர் என்றிருந்தால் 28 × 12, அதாவது 336 வாட்தான் உங்களுக்கு உதவும். இந்தக் கார்டும் 200 வாட்தான்; செயலியின் 117உடன் சேர்ந்தே 317 கேட்கும்! 12 வோல்ட் தடங்கள் இரண்டு இருந்தால் ஆம்பியர்களைக் கூட்டாதீர்கள். அவற்றுக்கெனத் தந்துள்ள மொத்த வாட்டே கணக்கு. வாங்குபவர் கண்ணில் படும் ஒரே எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, உண்மையைச் சிறிய எழுத்தில் ஒளிப்பது எனக்குக் கோபமூட்டும் விஷயம்.

கேள்வி: கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள் இல்லை. டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பிலிருந்து மாற்றும் அடாப்டர் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். 8 பின் இணைப்பு 150 வாட் வரை கேட்கும். பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம்.

கேள்வி: புதிய பவர் சப்ளை வாங்கினேன். பழையதன் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களையே செருகலாமா?

பதில்: கூடாது. கார்டுப் பக்கம் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும், பவர் சப்ளைப் பக்கம் பின்களின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களிலேயே மாறலாம். தவறான பின்னில் 12 வோல்ட் பாய்ந்தால் டிஸ்க் போய்விடும், அதிலுள்ள கோப்புகளும் போகும்.

கேள்வி: கோல்டு முத்திரை இருந்தால் கூடுதல் வாட் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. சுவரிலிருந்து எடுப்பதில் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதற்கான தரம் அது.

கேள்வி: புதிய கார்டு போட்டபின் விளையாட்டின் நடுவே கணினி அணைந்துவிடுகிறது. குறை எதில்?

பதில்: திரை மட்டும் கறுத்து விசிறிகள் சுற்றினால் முதலில் டிரைவரையும் கார்டையும் சந்தேகியுங்கள். மொத்தமும் சட்டென அணைந்தால், அதுவும் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்ட பிறகே உயிர் பெறுகிறது என்றால், பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். கார்டின் மின் வரம்பை மென்பொருளில் 75 சதவீதமாகக் குறைத்து விளையாடிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால், கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் வேறொரு பவர் சப்ளையில் சோதியுங்கள்.