மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள்

கோவையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கில் சுமார்தான். கிடார் செய்யப் போகிறேன் என்கிறான். வாசிக்க அல்ல, செய்ய. பெரியப்பா அதற்குள் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார். வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். “ஆசாரி வேலைக்கா பிள்ளையை அனுப்பறீங்கன்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க சார்.”

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை, கல்லூரி கொடுத்த கெடு நெருங்குகிறது. அந்த சீட்டு வேண்டாம். கவுன்சலிங்கில் எட்டாத இடத்தைக் கடன் வாங்கிப் பிடித்து, கணக்கு ஒட்டாத பையனை அதில் உட்கார வைத்தால், நாலு வருடம் கழித்து மிஞ்சுவது அரியரும் வட்டியும்தான். அந்த வட்டியைப் பெரியப்பா கட்டப் போவதில்லை.

தம்பியை வரச் சொல்லிப் பேசினேன். யாரோ தூக்கிப் போட்ட ஒரு கிடாரை எடுத்து வந்திருந்தான். கம்பிகளை மேல்பலகையில் பிடித்து நிறுத்தும் மரத்துண்டு, அதாவது ப்ரிட்ஜ், பெயர்ந்திருந்தது. ஃபெவிகால் போட்டு ஒட்டினானாம், மறுவாரமே கழன்றுவிட்டதாம். ஏன் என்று கேட்டேன். “வார்னிஷ் மேலயே ஒட்டிட்டேன் சார். அதைச் சுரண்டி, மரத்தோட மரம் ஒட்டணும்.” இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெயர்ந்த இடத்தைப் பார்த்துத் தானே கண்டுபிடித்திருக்கிறான். ஆசை வேறு, நாட்டம் வேறு. இவனிடம் இருப்பது நாட்டம். அதைத் தட்டிவிடாதீர்கள்.

இது சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் ஒரு ஸ்டீல் கம்பி கிடாரின் உள்ளே பார்க்க வேண்டும். ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அதைத் தாங்கும் மேல்பலகையின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர். கனம் கூடினால் சத்தம் வராது, குறைந்தால் பலகை உப்பும். அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டிய சட்டங்களை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, தட்டித் தட்டிக் கேட்டு அந்த நடுநிலையைப் பிடிக்க வேண்டும். ஸ்பெயினின் கிடார் செய்பவர் அந்தோனியோ தெ தோரஸ் 1862-ல் ஒரு கிடாரின் பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையில் செய்து, ஒலியின் உயிர் மேல்பலகையில்தான் என்று காட்டினார். சொந்தக்காரர்கள் என்ஜினியரிங் வேண்டும் என்கிறார்களே, இதற்கு வேறு என்ன பெயர்?

அதற்காக நாளையே கிடார் செய்து விற்கலாம் என்று நான் சொல்லவில்லை. தனியாகக் கையால் செய்பவருக்கு ஒரு கிடாருக்கே நூறு மணி நேரத்துக்கு மேல் போகும். பெயர் தெரியாத பையனிடம் அந்த விலை கொடுத்து யார் வாங்குவார்? சோறு போடும் வழி வேறொன்று இருக்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை: பழுது பார்ப்பதும், வாசிக்க வசதியாகக் கம்பி உயரத்தையும் கழுத்தையும் சரி செய்வதும். இதைத்தான் செட்டப் என்பார்கள்.

ஊரில் கிடார் கிளாஸ் இல்லாத தெரு குறைவு. பிள்ளைகள் வைத்திருப்பதெல்லாம் கடையில் வாங்கிய மலிவு கிடார்கள். கம்பி உயரத்தில் நிற்கும், அழுத்தினால் விரல் வலிக்கும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை உப்பும். ஏசி அறையில் வைத்தால் காய்ந்து சுருங்கி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் விளிம்பில் துருத்திக் கையைக் கீறும். இதைச் சரி செய்யத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஃப்ரெட் சமன் செய்வதை மட்டும் பாருங்கள். கழுத்தை நேராக்கி, எல்லா ஃப்ரெட் தலையிலும் மார்க்கரால் மை பூசி, சமதளமான அரத்தை மெல்ல ஓட்டுவார்கள். மேடாக இருப்பதில் மை முதலில் அழியும். எல்லாவற்றிலும் மை அழியும்வரை ஓட்டிவிட்டு, தட்டையான தலைகளை மறுபடி உருட்டி, மெருகேற்ற வேண்டும். பொறுமை இல்லாதவன் ஒரே இழுப்பில் ஃப்ரெட்டைக் கெடுத்துவிடுவான். இப்படிப் பல கிடார்களைப் பிரித்துப் பார்த்தவன்தான் நல்ல கிடார் செய்வான்.

ஆகவே முதல் வருடம் கார்பெண்டர் டிரேடு உள்ள அரசு ஐடிஐ. ஒரு வருடப் படிப்பு, கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. மாலையில் ஏதாவது இசைக்கருவிக் கடையின் ரிப்பேர் மேஜையில் உதவியாள். உங்கள் ஊர் ஃபவுண்டரிகளுக்கு மர பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சுக்கான மர மாதிரி, செய்யும் பட்டறை தெரிந்தால் அங்கேயும் நிற்கட்டும். அளவில் அவர்கள் காட்டும் கறார் இதற்கும் வேண்டும். டிகிரி இல்லையே என்ற கவலைக்குத் தொலைநிலைப் படிப்பு இருக்கிறது.

பணத்தில் மட்டும் நான் கறார். அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் 1975 முதல் கிடார் செய்யக் கற்றுத்தரும் ராபர்டோ-வென் பள்ளி நடக்கிறது, ஜெர்மனியின் மிட்டன்வால்டில் 1858-ல் தொடங்கிய இசைக்கருவி செய்யும் பள்ளி இருக்கிறது. தம்பி இரண்டையும் செல்போனில் காட்டுவான். இப்போது வேண்டாம். இரண்டு வருடம் மேஜையில் நின்றபின் அவனே சம்பாதித்த காசில் ஜெர்மன் படிக்கத் தொடங்கினால், அப்போது பேசலாம்.

மரம் வாங்கும்போதும் கவனம். அமெரிக்காவின் கிடார் கம்பெனி மார்ட்டின் 1969-ல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு மாறியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரத்துக்குத்தான். அந்த ஈட்டியை, பட்டா நிலத்தில் நின்றாலும், அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள். பில் இல்லாத துண்டை யார் சும்மா கொடுத்தாலும் தொட வேண்டாம். பழகுவதற்குப் பழைய கதவுத் தேக்கு போதும்.

பெரியப்பாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் எதுவும் கட்டியிருந்தால் ரசீதோடு எழுத்தில் கேளுங்கள். கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் விதி. அசல் மதிப்பெண் பட்டியலை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். ஐடிஐ விண்ணப்பத்துக்கு அது வேண்டும்.