பகலெல்லாம் சென்செய், சாயங்காலம் யாருமில்லை

மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 27 வயது, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஜப்பானில் டோயாமா என்ற ஊரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். முழு ஆசிரியர் இல்லை, ஏ.எல்.டி. என்பார்கள், உதவி ஆசிரியர் மாதிரி. வகுப்பாசிரியர் பாடம் நடத்துவார், உச்சரிப்பு, பாட்டு, விளையாட்டு எல்லாம் நான். 2020-லிருந்து இங்கே ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் முறையான பாடம் ஆகிவிட்டது, அதனால் எங்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு ஏஜென்சி மூலமாக வந்தேன், வருடாவருடம் ஒப்பந்தம், மூன்று பள்ளிக்கூடம் மாறி மாறிப் போக வேண்டும், ஆகஸ்ட் லீவில் பாதிச் சம்பளம்.

பிள்ளைகளைக் குறை சொல்லவே மாட்டேன். உள்ளே நுழைந்து ஷூவைக் கழற்றி உள்செருப்பு மாட்டுவதற்குள் நாலு பேர் "சென்செய்!" (டீச்சர்!) என்று ஓடி வந்து கையில் அடிப்பார்கள். மத்தியானம் அவர்களே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு சாப்பாடு பரிமாறுவார்கள், மிச்சமிருக்கிற ஒரே ஒரு ஜெல்லிக்கு ஜான்கென் (நம் ஊர் கல், காகிதம், கத்திரிதான்) போட்டு ஏழு பேர் மோதுவார்கள், என்னையும் இழுத்துவிடுவார்கள். போன வாரம் நான் ஜெயித்துத் தொலைத்தேன், ஒரு பொண்ணு முறைத்த முறைப்பு இருக்கிறதே!

பிரச்சினை நாலரை மணிக்கு மேல்தான். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு, வெளியே பனி. ஆசிரியர் அறையில் எல்லாரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் பேச்சு "ஒட்சுகாரெசாமா" (வேலை முடிந்து கிளம்பும்போது சொல்கிற மரியாதை வார்த்தை) என்பதோடு முடிந்துவிடும். ரயிலில் என் பக்கத்து சீட்டு மட்டும் காலியாகவே வரும். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யோசித்துப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து நான் நேரில் ஒரு மனுஷனிடம் பேசியது ஒரே வார்த்தை, கடையில், "பை வேண்டாம்".

இன்னொன்று. போன மாதம் ஆறாம் வகுப்பில் நான் 'வாட்டர்' என்றேன், டிஜிட்டல் புத்தகத்தின் அமெரிக்கக் குரல் 'வாடர்' என்றது. எது சரி என்று ஒரு பையன் கேட்டான். ஆசிரியை குனிந்து மன்னிப்புக் கேட்கிற பாவனையில், "இனிமேல் உச்சரிப்புக்கு இதையே போட்டுக்கொள்ளலாமா?" என்றார். அன்றிலிருந்து அந்த வகுப்பில் பட அட்டையைத் தூக்கிப் பிடிப்பதுதான் என் வேலை. 12 வருடத்துக்கு மேல் இங்கிலீஷில் படித்தவன் என்று சான்றிதழ் காட்டித்தான் இந்த விசாவே வாங்கினேன், மேடம். அதற்கப்புறம் ஞாயிறு ராத்திரி தூக்கம் வருவதில்லை, காலையில் வாசலில் உள்செருப்பு மாட்டும்போது நெஞ்சு படபடக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் முன்னால் 'கெங்கி'யாக, உற்சாகமாக இருந்தே ஆக வேண்டும், பயிற்சியில் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். அம்மாவிடம் எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் சொல்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தை நீட்டிக்கவா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். ஊருக்கு வந்துவிடவா?

— பெயர் வேண்டாம்

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: அம்மாவிடம் எல்லாம் நல்லா இருக்கு என்று. பள்ளிக்கூடத்தில் கெங்கி, ஆசிரியர் அறையில் பணிவு, போனில் அம்மாவுக்கும் கெங்கி. அப்படியென்றால் 'இன்றைக்கு எனக்கு முடியவில்லை' என்று சொல்ல உங்களுக்கு எந்த இடமும் இல்லை. தனிமையைவிட இதுதான் உங்களைத் தின்கிறது என்று நினைக்கிறேன். பகல் முழுக்க முப்பது பிள்ளைகள் சூழ இருந்தாலும் அங்கே நீங்கள் வேஷம் கட்டியவர்தானே.

'வாட்டர்' விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆசிரியையும் பாவம்தான், எல்லாப் பாடமும் அவரே நடத்த வேண்டும், தன் இங்கிலீஷ் மேலேயே அவருக்குப் பயம் இருக்கலாம், அந்தக் குரல் அவருக்கும் ஒரு ஊன்றுகோல். இதைச் சொல்கிறேனே தவிர, உடனே அவரை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகள் முன்னால் நடந்தது அவமானம், அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு மாதமாக அட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறீர்களே, அதைத்தான் மாற்றப் பார்க்கலாம். வகுப்பில் வேண்டாம், முந்தின நாள் சாயங்காலம் அவர் மேஜைக்குப் போய், உடைந்த ஜப்பானியத்திலாவது கேளுங்கள்: இந்தியாவில் ஒரு மாதிரி, அமெரிக்காவில் ஒரு மாதிரி சொல்வோம், எது எந்த ஊர் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கிற ஐந்து நிமிஷ விளையாட்டு ஒன்று வைக்கலாமா? அவர் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். கேட்டவர் என்ற நினைப்பாவது உங்களுக்கு மிஞ்சும்.

ரயில் சீட்டு பற்றி என்னிடம் பதில் இல்லை. கூச்சம் என்பார்கள், ஒதுக்குகிறார்கள் என்பார்கள். எது என்று தினமும் காலையில் துப்பறிந்துகொண்டு போகாதீர்கள், அது வேறு ஒரு சுமை.

சனி, ஞாயிறுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். ஜப்பானில் பல ஊர்களில் சர்வதேச சங்கம் என்று ஒன்று இருக்கும், அங்கே உள்ளூர் மனிதர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டினருக்கு ஜப்பானியம் சொல்லித்தருவார்கள், கட்டணம் சொற்பம் அல்லது இல்லவே இல்லை. மொழி அப்புறம், அங்கே நீங்கள் மாணவர், தப்புத் தப்பாகப் பேசலாம், யாரையும் குஷிப்படுத்த வேண்டாம்.

படபடப்பும் தூக்கமின்மையும் ஒரு மாதமாக இருக்கிறது என்றால் இன்னும் தள்ளிப்போடாதீர்கள். 'ஷின்ரியோ நைகா' என்று பலகை போட்ட கிளினிக்குகள் இருக்கும், மன அழுத்தத்துக்கு அங்கே சாதாரணமாகப் போவார்கள், உங்கள் காப்பீட்டில் 30 சதவீதம்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். மொழி இடித்தால் 'டெல்' என்ற அமைப்பு 1973-லிருந்து ஜப்பானில் ஆங்கிலத்தில் தொலைபேசி ஆலோசனை தருகிறது, முதலில் அங்கே பேசிப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி நினைப்பு வந்தால் அன்றைக்கே பேசுங்கள்.

ஒப்பந்தம்? ஊருக்கு வருவது தோல்வி இல்லை, இன்னொரு வருடம் இருப்பது வீரமும் இல்லை. ஆனால் தூங்காத மண்டையோடு, பனி கொட்டுகிற பிப்ரவரியில் முடிவெடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏஜென்சியிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள், சில இடங்களில் தருவார்கள்.

இந்த ஞாயிறு அம்மா கூப்பிட்டால், சாப்பிட்டியாப்பா என்று கேட்பதற்கு முன்னால் 'ஒரு மாசமா சரியா தூக்கமில்லைம்மா' என்று சொல்லிப் பாருங்கள். பயப்படுவார்கள், அழக்கூடச் செய்யலாம். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், ஒப்பந்தத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.