10/22 துப்பாக்கிக்குக் கட்டை மாற்றுமுன்

நியூயார்க் மாநில வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ரூகர் 10/22 ரைஃபிளின் மரக்கட்டை (குழலைத் தாங்கித் தோளில் முட்டும் பகுதி) என் மனைவிக்கு நீளமாக இருக்கிறது. துப்பாக்கிச் சந்தையில் ஒருவர், கட்டைவிரல் துளையும் மடங்கும் பின்பகுதியும் கொண்ட, சேசிஸ் என்னும் புதுவகைக் கட்டை ஒன்றைக் காட்டி, ஐம்பது மாநிலங்களிலும் செல்லும் என்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். உங்கள் மாநிலத்தில் 2013-இல் வந்த சேஃப் சட்டத்தின்படி, மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி மாட்டக்கூடிய செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளில், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் 10/22 போன்ற ரைஃபிளில், பட்டியலிட்ட அம்சங்களுள் ஒன்று இருந்தாலே அது தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடும். மடங்கும் கட்டையும் கட்டைவிரல் துளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. விற்றவர் பணத்தோடு போய்விடுவார். வழக்கு உங்கள் மீதுதான் வரும்.

"10/22 சுடும் சிறிய .22 ரகத் தோட்டாவுக்கு விலக்கு உண்டு" என்றும் அவர் சொல்லக்கூடும். அந்த விலக்கு கலிஃபோர்னியாவுடையது. அங்கே இந்த அம்சத் தடை, தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் ஊசி அடிக்கும் சென்டர்ஃபயர் ரைஃபிள்களுக்கு மட்டுமே பொருந்தும். 10/22-இன் தோட்டாவில் ஊசி விளிம்பில் அடிப்பதால் அது தப்பிக்கிறது. நியூயார்க் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. கலிஃபோர்னியாவில் உண்மையான ஒரு வாக்கியத்தை நாடு முழுவதும் சொல்லி விற்கிறார்கள் என்பதுதான் என் நெடுநாள் ஆத்திரம். சட்டம் எழுதியவர்களும் சளைத்தவர்கள் அல்லர்: பிஸ்டல் பிடி (கைத்துப்பாக்கியில் போலக் கீழே நீளும் பிடி) "வெளிப்படையாகத் துருத்தி" நிற்கக் கூடாது என்கிறார்கள், எத்தனை அங்குலம் என்று சொல்ல ஒருவருக்கும் மனமில்லை. ஆகவே பழைய வேட்டைத் துப்பாக்கி வடிவிலுள்ள, மடங்காத கட்டையையே தேடுங்கள்.

உங்கள் மனைவியின் சிக்கல் நீளம் மட்டுமே. விசையிலிருந்து பின்முனை வரை அளந்தால் சாதாரண 10/22 கட்டை 13.5 அங்குலம் வரும். பின்முனையில் திருகாணியால் பொருத்தும் ஸ்பேசர்களை (நீளம் கூட்டும் தகடுகள்) கழற்றி 12.5 அங்குலம் வரை குறைக்கக்கூடிய கட்டைகள் கிடைக்கின்றன. அவர் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்கட்டும். கழுத்தை நீட்டாமல் குறிமுள் (குறிபார்க்கக் குழல் முனையில் உள்ள முனைப்பு) தெரிந்தால் அளவு சரி.

குழல் உட்காரக் கட்டையில் வெட்டிய குடைவின் அளவைக் கட்டாயம் கேளுங்கள். என் பட்டறைக்கு ஒருவர் கொண்டுவந்த கட்டை 0.920 அங்குலத் தடித்த குழலுக்குக் குடைந்தது. அவருடையதோ மெல்லிய குழல். சுற்றிலும் பெரிய இடைவெளி. விற்றவர் "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்றாராம்.

மாற்றும்போது மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். குழல் வளையத்தையும் அடித்திருகையும் கழற்றியபின், பாதுகாப்புப் பொத்தானைச் சரிநடுவில் நிறுத்தினால்தான் ரிசீவர் (இயங்கு பாகங்கள் அடங்கிய உலோகப் பெட்டி) மேலே எழும். பலர் இது தெரியாமல் நெம்பிக் கட்டையைப் பிளந்துவிடுகிறார்கள். புதிய கட்டையில் பூட்டியதும், தோட்டா இல்லாமலே போல்ட்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளும் பாகம்) பலமுறை முழுதாக இழுத்து விடுங்கள். எங்காவது உரசினால் சுடாதீர்கள். கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.