முதல் கைட் வாங்கப்போகும் பாம்பன் தம்பிக்கு

பாம்பனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். போன வாடைக் காலத்தில் கைட் சர்ஃபிங், அதாவது பெரிய காற்றாடி இழுக்கப் பலகையில் நின்று கடலில் ஓடுவது, கற்றுக்கொண்டாராம். எடை 63 கிலோ, இரண்டு பக்கமும் ஓட்டிக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரத் தெரியும். தெரிந்தவர் ஒருவர் 12 மீட்டர் கைட், 7 மீட்டர் கைட் (மீட்டர் என்பது இங்கே துணியின் சதுர மீட்டர் பரப்பு), ஒரு பழைய பார் (கைட்டின் கயிறுகள் வந்து சேரும் கைப்பிடிக் கம்பி) மூன்றையும் சேர்த்து விற்கிறார், அதை வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தில் ஃபாயில் போர்டு (அடியில் கம்பமும் இறக்கையும் வைத்துத் தண்ணீருக்கு மேலே எழும் பலகை) பார்க்கலாமா, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடிப்பதற்குள் சொல்லுங்கள் என்று கேட்கிறார்.

தம்பி, அந்த செட்டை அப்படியே வாங்காதீர்கள். ஃபாயிலையும் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். முதல் பணம் புது பாருக்கு, அடுத்தது நல்ல நிலையில் இருக்கிற ஒரு 9 மீட்டர் கைட்டுக்கு.

முதலில் அளவு. 63 கிலோ ஆளுக்கு 12 மீட்டர் கைட் மணிக்கு 20 முதல் 30 கி.மீ. காற்றுக்குச் சரியாக இருக்கும், 7 மீட்டர் 40 கி.மீ.க்கு மேல்தான் இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கச்சான் நன்றாக வீசும் மதியம், அந்த நேரத்துக்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது, ஆசையில் 12ஐத்தான் ஏற்றுவீர்கள். காற்று 20லிருந்து 30 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, ஆனால் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் இரண்டேகால் மடங்காகிவிடும். புதிதாகக் கற்றவர்களைக் கரையில் தூக்கி அடிப்பது பெரும்பாலும் இந்தப் பெரிய கைட்தான். 9 மீட்டர் என்றால் ஏறக்குறைய 28 முதல் 42 கி.மீ. வரை ஓட்டலாம். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் 45 முதல் 55 கி.மீ. என்று போட்டிருந்தால் எந்த அளவு கைட்டும் வேண்டாம், அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

இனி பார். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைட் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம், பாரை இடுப்பில் கட்டும் ஹார்னஸோடு மாட்டுகிற வளையமான சிக்கன் லூப் ஆபத்தில் கழலாவிட்டால் அதற்கு மாற்று கிடையாது. அதிலுள்ள ரிலீஸைத் தள்ளினால் உடனே கழன்று, கைட் ஒரே ஒரு முன் கயிற்றில் தொங்கி இழுவை இழந்து விழ வேண்டும். ஐஎஸ்ஓ 21853 என்று 2020ல் இந்த ரிலீசுக்கென்றே ஒரு தரம் வந்திருக்கிறது, வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள், உங்கள் கைட்டுக்கு அந்த பார் பொருந்துமா என்றும் கேளுங்கள். நம் ஊர் மணலும் உப்பும் நல்ல ரிலீசைக்கூட இறுக்கிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் கைட் ஏற்றுமுன் ஒருதடவை கழற்றி மாட்டிப் பார்க்கவும், வந்ததும் நல்ல தண்ணீரில் அலசவும் வேண்டும். கழற்றிய பிறகும் கைட்டை உங்களோடு பிடித்திருக்கும் கயிறான லீஷை முதுகுப் பக்கம் மாட்டாதீர்கள், கை எட்டும்படி முன்பக்கம் இருக்கட்டும்.

கயிறுகளையும் பாருங்கள். நான்கு நுனிகளையும் ஒரே கம்பத்தில் மாட்டிவிட்டு, முன் கயிறுகளைக் குட்டையாக்கும் டிரிம் பட்டையை முழுக்கத் தளர்த்தி, பாரை உடம்போடு சேர்த்து இழுத்தால் நான்கும் ஒரே அளவாக விறைக்க வேண்டும். முன் கயிறுகள்தான் அதிக பாரம் தாங்குவதால் அவை நாளடைவில் நீண்டுவிடும், அப்போது பின் கயிறு குட்டையாகி கைட் பின்னோக்கிச் சரிந்து விழும். காற்று சரியில்லை என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பழைய கைட் வாங்கும்போது அதன் குழாய்களில் கல்லு மாதிரி காற்றடித்து நிழலில் ராத்திரி முழுக்க விடுங்கள், காலையில் தளர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. நம் வெயிலில் முதலில் போவது வால்வு ஒட்டியிருக்கிற பசை, என்னிடம் பழுதுக்கு வருகிறவற்றில் இதுதான் நிறைய. துணியைப் பின் ஓரத்தில் கிள்ளி இழுத்துப் பாருங்கள், மொறுமொறுப்பாக இருந்தால் நல்லது, பழைய வேட்டி போல் நைந்திருந்தால் நிறம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் வேண்டாம். கைட்டின் முன் ஓரத்தில் கட்டியிருக்கும் கிளைக் கயிறுகளான பிரைடிலில் சின்ன கப்பி இருந்தால் அது சுற்றுகிறதா, கயிற்றைத் தேய்த்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபாயில் ஏன் வேண்டாம் என்றால், வடகடல் (பாக் விரிகுடா) கரையோரம் ஆழம் போதாது. அடியில் நீளும் கம்பமான மாஸ்ட் மட்டுமே 75 முதல் 90 செ.மீ. இருக்கும், தரையில் குத்தினால் நீங்கள் பறந்து முன்னால் போய் விழுவீர்கள், அதன் இறக்கை கத்தி போல இருக்கும். கடல்புல் வேறு சுற்றிக்கொள்ளும். குறைந்த காற்றில் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் நீளம் 145 செ.மீ.க்குக் குறையாத, அகலமான ட்வின் டிப் போர்டு (இரண்டு முனையும் ஒரேமாதிரி இருக்கும் சாதாரண பலகை) ஒன்று போதும், செலவும் குறைவு.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. கச்சான் நம் தீவில் தென்கடலிலிருந்து (மன்னார் வளைகுடா) வடகடலுக்குப் போகிற காற்று. அந்த மாதங்களில் வடகடல் தட்டையாகக் கிடக்கும், பார்த்தால் இறங்கத் தோன்றும். ஆனால் அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கிறது, ஒரு கயிறு அறுந்தால் கைட்டே பாயாகி உங்களை நடுக்கடலுக்கு, எல்லைப் பக்கம் கொண்டுபோகும். வாடையில் இது அப்படியே தலைகீழ், அப்போது தென்கடலில் இறங்கக் கூடாது. துணைக்குப் படகு இல்லாமல் இப்படிக் கடலுக்குள் அடிக்கும் காற்றில் இறங்கவே இறங்காதீர்கள், இந்த விஷயத்தில் சமரசமே வேண்டாம்.

ஹெல்மெட், ஹார்னஸில் செருகும் கொக்கிக் கத்தி, விசில், தண்ணீர் புகாத பையில் போன், அதில் கடலோரக் காவல்படையின் 1554, இவற்றையெல்லாம் கைட்டுக்கு முன்பே வாங்கி வையுங்கள். இம்பாக்ட் வெஸ்ட் அடியைத் தாங்கும், ஆனால் அது லைஃப் ஜாக்கெட் இல்லை. கத்தி உங்கள் கயிறு உங்களைச் சுற்றினால் அறுக்கத்தான், இன்னொருவரின் நண்டு வலையை அறுப்பதற்கு இல்லை. நண்டு வலை போட்டிருக்கும் இடமும் கரைவலை இழுக்கும் நேரமும் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அது அவர்கள் பிழைப்பு. நாளைக்கு உங்களைத் தூக்கி வர வேண்டியதும் அவர்கள் வள்ளம்தான்.

12 மீட்டரை மட்டும் தனியாகத் தருவாரா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ராத்திரிச் சோதனையில் தேறினால் காற்று மெலிகிற நாட்களுக்காக வாங்கி வைக்கலாம், ஆனால் பாரும் 9ம் வாங்கியது போகப் பணம் மிச்சமிருந்தால் மட்டும்.