ஓடுகிற வானும் பாய்கிற வானும்

வணக்கம் ஐயா,
உங்கள் எழுத்துகளை ரொறன்ரோவிலிருந்து படித்து வருகிறேன். இந்தக் குளிர்கால விடுமுறைக்கு டிசெம்பர் 20 அளவில் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். எட்டு நாள். ஓடித் திரியாமல் ஆறுதலாக வடக்கின் நகரங்களையும் சின்னப் பட்டினங்களையும் பார்க்க விருப்பம். யாழ்ப்பாணத்துக்கு ஐந்து நாள், மன்னாருக்கு இரண்டு நாள் என்று போட்டிருக்கிறோம். வன்னியைப் போகிற வழியில் ஒரு நாளில் பார்த்துவிடலாம்தானே? வான் பிடிப்பதா, ரயிலா? குளிருக்கு என்ன உடுப்பு கொண்டுவர வேண்டும்? வன்னியில் போரின் அடையாளங்களைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

கார்த்திகை பிறந்துவிட்டால் வன்னியில் சுகம் விசாரிக்க முன்னமே "குளம் எத்தனை அடி?" என்றுதான் ஆளையாள் கேட்பார்கள். அதைப் பற்றி எழுதவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வான் பிடிப்பதா என்று நீங்கள் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது ஓடுகிற வான். டிசெம்பரில் இங்கே எல்லாரும் கதைப்பது பாய்கிற வானை, குளம் நிறைந்தால் மிஞ்சுகிற தண்ணீர் வெளியே பாய்கிற வாசலை. இரண்டாவதை விளங்கிக்கொள்ளாமல் முதலாவதைப் பிடிக்க வேண்டாம்.

உடுப்பை முதலில் முடித்துவிடுகிறேன். கனடாக் குளிர் உடுப்பு ஒன்றும் தேவையில்லை. இரவுக்கு மெல்லிய சுவெற்றர் ஒன்று, அம்மா அப்பாவுக்கு ஒரு போர்வை. ஆனால் மாரிக் குளிரைக் குறைவாக எடைபோடவும் வேண்டாம். 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயல் கடலில் நின்ற நாள்களில், காற்றும் ஈரமுமாக அடித்த குளிரைத் தாங்காமல் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. காற்று மழைக்குக் குடை நிற்காது, மழைக்கோட்டு வேண்டும். சப்பாத்து வேண்டாம், களி அப்பிக்கொண்டு ஒவ்வொன்றும் ஒரு கிலோ ஆகும். பின்னால் வார் உள்ள செருப்புப் போதும். காலில் காயமிருந்தால் வெள்ளத்துக்குள் இறங்கக்கூடாது, எலிக்காய்ச்சல் வருகிற காலம் இது. பின்னேரமானால் பிள்ளைகளுக்கு நுளம்புக்குக் கை கால் மூடிய உடுப்பு.

இனி அந்த "ஒரு நாள்". வவுனியாவிலிருந்து ஏ9 றோட்டால் வடக்கே வருகிற பஸ்ஸில் கொண்டக்டர் கூவுவதைக் கேட்டுப் பாருங்கள்: புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். குளத்தின் பேரைத்தான் ஊருக்கும் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளங்களை ஜன்னலாலும் பார்க்காமல் ஊரை மட்டும் பார்த்தேன் என்றால், வீட்டுக்காரரோடு கதைக்காமல் படலையைப் படமெடுத்துக்கொண்டு போன மாதிரி. போரின் அடையாளங்களைத் தவிர என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு நான் கோபிக்கவில்லை. உங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். முள்ளிவாய்க்காலுக்குப் போனால் ஒரு விளக்கு வைத்துவிட்டுப் பேசாமல் திரும்புங்கள். மற்றதை நான் சொல்கிறேன்.

குளம் என்றால் கோயில் கேணியை நினைக்கவேண்டாம். ஓடிவருகிற ஆற்றையோ ஓடையையோ குறுக்கே மண்கட்டுப் போட்டு மறித்தது வன்னிக் குளம். கட்டின் அடியில் வயலுக்குத் தண்ணீர் விடுகிற துருசு. கட்டுக்கு எதிர்ப்பக்கம், மழைக்கு நீர் ஏறிக் கோடைக்கு வற்றுகிற நிலம் அலைகரை. கட்டின் ஒரு அந்தத்தில், கட்டைவிடச் சில அடி தாழ்வாகக் கொங்கிறீற்றிலோ கல்லிலோ கட்டிய சுவர்தான் வான். மண்கட்டுக்கு மேலால் தண்ணீர் ஒருமுறை வழிந்தால் போதும், அரித்து அரித்துக் கட்டே உடைந்துவிடும். அதனால் மிஞ்சுகிற தண்ணீருக்கு ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். சின்னக் குளங்களில் அந்த வாசலுக்குக் கதவில்லை. மட்டம் வந்ததும் தானாகப் பாயும், பாய்ந்தது கீழே இருக்கிற அடுத்த குளத்துக்குப் போகும். இரணைமடு போன்ற பெரிய குளங்களில் வான்கதவு. அதைத் திறப்பது நீர்ப்பாசனத் திணைக்களம்.

இரணை என்றால் இரட்டை என்று அம்மாவுக்குத் தெரியும், கேளுங்கள். இரட்டை மடு. 1902இல் வேலை தொடங்கிய குளம். கட்டைப் பலதடவை உயர்த்தி, 34 அடித் தண்ணீர் பிடித்ததைக் கடைசித் திருத்தத்தில் 36 அடியாக்கினார்கள். ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் அதை நம்பி இருக்கிறது. அதற்குத் தண்ணீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. இங்கேதான் வெளியூர்க்காரர் பிழைவிடுவது. கிளிநொச்சியில் வெயில் எறிக்கிறது, வெளிக்கிடுவோம் என்பார்கள். கிளிநொச்சி வெயில் ஒரு கணக்கிலும் சேராது. முதல்நாள் இரவு கனகராயன்குளம், மாங்குளம் பக்கத்துக் காடுகளில் பெய்த மழைதான் அடுத்தநாள் இரணைமடுவுக்கு வரும். கதவு திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டு சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். பரந்தன்–முல்லைத்தீவு றோட்டு (ஏ35) அந்தப் பக்கத்தால்தான் போகிறது. 2018இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் கிடந்தது டிசெம்பர் 21, 22இல். நீங்கள் வந்து இறங்குகிற கிழமை!

ஆகவே முல்லைத்தீவுக்குப் பரந்தனால் போகாதீர்கள். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டானால் (ஏ34) போங்கள், சுமார் 50 கிலோமீற்றர். வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில். நேரமிருந்தால் முத்தையன்கட்டுக் குளத்துக்கும் ஒரு நடை. முல்லைத்தீவில் இரண்டு இரவு நில்லுங்கள். திரும்புகிற அன்று விடிய இரணைமடு எத்தனை அடி, கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் மட்டும் வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாக வாருங்கள். நந்திக்கடல் நீரேரி ஏறினால் வட்டுவாகலில் தண்ணீர் றோட்டுக்கு வரும். அப்படியென்றால் போன வழியாலேயே திரும்புவது. எட்டு நாளில் வவுனியாவுக்கு ஒன்று, முல்லைத்தீவுக்கு இரண்டு, கிளிநொச்சிக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு இரண்டு. மிஞ்சுகிற ஒரு நாளை ஒன்றுக்கும் எழுதாமல் மழைக்கு விட்டுவையுங்கள். யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் குறைந்ததற்குச் சொந்தக்காரர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

வான் பாய்கிறதைப் பார்க்கப் போனால் மேலே குளக்கட்டில் நில்லுங்கள். கீழே தண்ணீர் விழுகிற கொங்கிறீற்றில் பாசி பிடித்திருக்கும். பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கிற ஓரம்தான் கூட வழுக்கும். விழுகிற இடத்து மடுவில் மீன் கூடும், மீனுக்கு முதலையும் வரும். ஊர்ப் பெடியன்கள் வீச்சுவலையோடு நிற்கிறார்கள் என்று உங்கள் பிள்ளைகளை இறக்க வேண்டாம். அவர்களுக்கு எந்தக் கல்லில் கால் வைப்பதென்று தெரியும். பாய்கிற தண்ணீருக்கு எதிராக மீன் துள்ளி ஏறப் பார்ப்பதைப் பிள்ளைகள் மேலே நின்றே பார்க்கலாம், ஒன்றும் குறையாது. துருசடியில் அடியும் அங்குலமும் கீறிய அளவுகோலை வாசிக்கச் சொல்லுங்கள். பின்னேரம் ஐந்தரைக்கு முன்னம் கட்டைவிட்டு வந்துவிடவேண்டும், யானை இறங்குகிற நேரம். கண்ணிவெடிப் பலகை நிற்கிற காட்டோரம் ஒதுங்கவே கூடாது.

சனவரி நடுவில் வர ஏலுமென்றால் இதைவிட நல்லது: மழை குறைந்திருக்கும், குளம் நிறைந்தபடி இருக்கும், பொங்கலும் வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்பீர்கள். சரி.

ரயில்? யாழ்தேவி நல்லது, ஆனால் அது கிளிநொச்சியில் இறக்கிவிட்டுப் போகும், குளக்கட்டுக்குக் கொண்டுபோகாது. மன்னாரில் வங்காலைப் பறவைகளும் பள்ளிமுனைப் பெருக்கமரமும் போதும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் கடலை வாங்குவீர்கள். கட்டிவைத்த சரையை வாங்கவேண்டாம், மாரி ஈரத்துக்குப் பதம் போயிருக்கும். சட்டியிலிருந்து சூட்டோடு அள்ளித் தரச் சொல்லுங்கள்.

வானைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிடிக்காமல் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பிடியுங்கள். சாரதி அந்த றோட்டை மாரியில் ஓடினவராக இருக்கவேண்டும். குறுக்கே ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் காரை மிதக்க வைக்கும், இரண்டு அடி உங்கள் ஹையேஸ் வானையும் தள்ளும். அதைவிட மோசம், தாருக்குக் கீழே மண்ணை அரித்திருக்கும், மேலே தார் அப்படியே கிடக்கும். மதகடியில் அவர் இறங்கிப் பார்த்துவிட்டு "ஏலாது அக்கா" என்றால் வாதாட வேண்டாம். அன்றைய கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள். அரைக்கூலிதான் தருவோம் என்று முன்னமே பேசினால், அவர் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பார்.